கோதிக் முதுகு நாற்காலி: உடைந்த ஓக் வேலைப்பாட்டைச் சரிசெய்த பதிவு

நாற்காலி ஓக் மரம். இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து வீடுகளின் முன்கூடத்தில் போட்டு வைத்த வகை. மெத்தை கிடையாது, துணி கிடையாது, இருக்கையும் முதுகும் வெறும் பலகை. கடிதம் கொண்டு வந்தவரும் வீட்டுக்காரரைப் பார்க்கக் காத்திருந்தவரும் மழையில் நனைந்த உடையோடு உட்கார்ந்தாலும் கெடக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். கதவைத் திறந்ததும் கண்ணில் படும் சாமான் என்பதால் முதுகில் மட்டும் வேலைப்பாட்டைக் கொட்டினார்கள். இந்த நாற்காலியின் முதுகு, கோதிக் என்னும் இடைக்கால ஐரோப்பியக் கட்டிடப் பாணியில் அமைந்த ஒரு தேவாலய ஜன்னல். பெரிய கூர்வளைவு ஒன்று, அதற்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னக் கூர்வளைவுகள், அவற்றின் தலைக்கு மேலே ஒரு வட்டம், வட்டத்துக்குள் நான்கிதழ்ப் பூ. முக்கால் அங்குலத்துக்குச் சற்றே அதிகமான தடிமன் உள்ள பலகையில் இவ்வளவையும் ஊடுருவ அறுத்திருக்கிறார்கள்.

நண்பர் ஒருவர் லண்டனுக்கு வெளியே நடந்த ஓர் ஏலத்தில் இதை வாங்கி என் கொட்டகைக்குக் கொண்டு வந்தார். அழகுக்கு மூலையில் நிறுத்துவதற்கு இல்லை, வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. அப்படியானால் பார்வைக்கு ஒட்டிக் கொடுத்தால் போதாது, சாய்ந்தால் தாங்க வேண்டும்.

இருக்கைக்கு அடியில் மூலைக் கட்டைகளைப் பிடித்திருந்த ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். கூர்முனை. பழைய காலத்து மரவேலை ஸ்க்ரூக்களின் நுனி பெரும்பாலும் மழுங்கலாக இருக்கும், கூர்முனை பரவியது 1850ஐ ஒட்டித்தான். மரச்சட்டத்தின் வேலையும் அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறது.

இனி உடைப்பு. வட்டத்தின் அடிப்பகுதி, அதாவது இரண்டு சின்ன வளைவுகளுக்கு நடுவே தொங்கும் அரை அங்குல அகலப் பட்டை, இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. நடுத்துண்டைப் பழைய கை ஏதோ ஒன்று வெள்ளைப் பசையில் ஒட்டி, பின்பக்கம் இரும்புத் தகடு வைத்து நான்கு ஸ்க்ரூ முடுக்கியிருந்தது. பூவின் இதழ்கள் சந்திக்கும் இடங்களில் உள்நோக்கி நீளும் கூரான மூக்குகள் நான்கு உண்டு. மேல் மூக்கும் கீழ் மூக்கும் முழுதாக இருந்தன. இடது மூக்கு அடியோடு இல்லை, வலதில் பாதி இல்லை.

பசையைத் தொடுவதற்கு முன்னால் இந்த உடைப்பைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. ஏன் மேலும் கீழும் பிழைத்தன, இடமும் வலமும் போயின? பலகையின் ரேகை, அதாவது மர நார் ஓடும் திசை, செங்குத்தாக ஓடுகிறது. மேல் மூக்கிலும் கீழ் மூக்கிலும் நார் நுனி வரை நீளமாகப் போகிறது. பக்கத்து மூக்குகளில் நார் குறுக்கே கிடக்கிறது. நுனியில் அதன் நீளம் சில மில்லிமீட்டர்தான். ஒரு குழந்தை விரலை விட்டு இழுத்தாலே பிளந்துவிடும். வட்டத்தின் அடிப்பட்டைக்கும் அதே கதி. படுக்கைவசமாக ஓடும் பட்டை, ஆனால் நார் நிமிர்ந்து நிற்கிறது. நீளவாக்கில் அதைப் பிடித்து வைக்க ஒன்றுமே இல்லை. வட்டத்தின் உச்சி மட்டும் தப்பித்தது எப்படி என்றால், அங்கே வட்டமும் பெரிய வளைவின் முனையும் நெருங்கி வந்து ஒரே கட்டையாகச் சேர்ந்துவிடுகின்றன.

கல்லில் இந்தச் சிக்கல் இப்படி வருவதில்லை. கூர்வளைவில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லின்மேல் அழுந்தி நிற்கிறது, அழுத்தம் இருக்கும் வரை வளைவும் இருக்கும். கல்லைத் துண்டு துண்டாகச் செதுக்கி வளைவின் திசையிலேயே அடுக்கலாம். மரப்பலகைக்கு ஒரே திசைதான். அந்தத் திசையை மறந்து கல் ஜன்னலின் வரைபடத்தைப் பலகைமேல் அப்படியே வைத்தால், எங்கே உடையும் என்று அறுப்பதற்கு முன்பே விரல் வைத்துக் காட்டிவிடலாம். இந்த நாற்காலி சரியாக அந்த இடங்களில்தான் உடைந்திருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் தகடு. ஸ்க்ரூவின் தலைக் காடி துருவில் அடைந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, சூடான சால்டரிங் அயர்னைத் தலைமேல் வைத்து எடுத்தால் துருப்பிடிப்பு தளர்கிறது. அப்புறம் காடிக்கு அளவான ஸ்க்ரூடிரைவர், மேலிருந்து நல்ல அழுத்தம், முதலில் முடுக்கும் திசையில் ஒரு சிறு அசைவு, பிறகு கழற்றும் திசையில். தகடு வந்த இடத்தில் மரம் கறுத்திருந்தது. ஓக்கில் டானின் என்னும் துவர்ப்புச் சத்து அதிகம். ஈரமும் இரும்பும் சேர்ந்தால் மை போலக் கறுப்பு ஊறும். அதனால்தான் ஓக்கில் பித்தளை ஸ்க்ரூ போடச் சொல்கிறார்கள். கறையை ஆக்சாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும். நஞ்சு என்பதால் கையுறை வேண்டும், தூள் மூக்கில் ஏறக்கூடாது, கறை போனதும் சுத்தமான தண்ணீரில் பலமுறை துடைக்க வேண்டும். பின்பக்கம் என்பதால் முழுக்க வெளுக்கவில்லை, ஊறியது நின்றால் போதும் என்று விட்டேன்.

வெள்ளைப் பசைதான் பெரிய தொல்லை. நாற்காலி செய்தவர் பயன்படுத்தியது வச்சிரம், விலங்குத் தோலிலும் எலும்பிலும் காய்ச்சிய பசை. வெந்நீரும் நீராவியும் பட்டால் இளகும், மெத்திலேட்டட் ஸ்பிரிட் விட்டால் நொறுங்கும். எத்தனை தலைமுறை கழிந்தாலும் பழைய வச்சிரத்தின்மேல் புது வச்சிரம் ஒட்டும். பிற்காலத்து வெள்ளைப் பசை அப்படி இல்லை. காய்ந்த படலத்தின்மேல் வேறு பசை சரியாகப் பிடிக்காது, மரத்தின் வாயை அடைத்துவிடுகிறது. சூடுபடுத்திய வினிகரைத் துணியில் நனைத்து வைத்து, படலம் வெளுத்து ரப்பர் மாதிரி ஆனதும் மரக்குச்சியால் சுரண்டினேன். உலோகக் கருவி கூடாது. உடைந்த முகத்தில் இருக்கும் நுண்ணிய மேடுபள்ளங்களே இரண்டு துண்டுகளும் சரியாகப் பொருந்துவதற்கு வழி, அவற்றை மழுக்கினால் பொருத்தம் போய்விடும்.

இந்த உடைப்பில் ஒரு நல்லதும் இருக்கிறது. நார் குறுக்கே முறியவில்லை, ரேகையோடு பிளந்திருக்கிறது. ரேகையோடு பிளந்த முகங்களை மறுபடி ஒட்டினால் அந்த மூட்டு மரத்தைவிடப் பலமாகவே நிற்கும். வச்சிர மணிகளை இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மறுநாள் இரட்டைப் பாத்திரத்தில் 60 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே வைத்தேன். கொதிக்கவிட்டால் பலம் போய்விடும். துண்டுகளை முடி உலர்த்தியால் வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் பசை உறைவதற்குக் கூடுதலாகச் சில நொடி கிடைக்கும். கிளாம்ப் போட வழியில்லை, வளைந்த பட்டையில் எதிரெதிர் முகங்களே கிடையாது. நடுத்துண்டைச் செருகி, முன்னும் பின்னும் மெல்லத் தேய்த்து, பசை இறுகத் தொடங்கியதும் கையை எடுத்து, சைக்கிள் டியூபைக் கீறிய ரப்பர் நாடாவால் சுற்றிவிட்டேன். வச்சிரம் உறையும்போது சுருங்கித் தானே மூட்டை இழுத்துக்கொள்ளும்.

அது காயும் இடைவெளியில் காணாமல் போன மூக்குகளுக்கு வரைபடம் போட உட்கார்ந்தேன். முழு வேலையிலும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி கொடுத்தது இந்தப் பகுதிதான். முதுகின் பின்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், வளைவு தொடங்கும் மட்டத்தில் கூராணியால் இழுத்த ஒரு படுக்கைக் கோடும், அதன் இரு முனையிலும் கவராயத்தின் முள் குத்திய குழிகளும் தெரிகின்றன. குழிக்குக் குழி சரியாக எட்டு அங்குலம். அந்த ஓர் அளவு கிடைத்ததும் மற்றதெல்லாம் தானாக விரிந்தது.

கவராயத்தை எட்டு அங்குலம் விரித்து இரண்டு குழியிலிருந்தும் வில் போட்டால் பெரிய கூர்வளைவு. அகலமும் ஆரமும் ஒன்றே. உச்சியின் உயரம் ஏழு அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக, 6.93 அங்குலம் வருகிறது. அடிக்கோட்டைப் பாதியாக்கி, நான்கு அங்குல விரிப்பில் அதே போல இரண்டு சின்ன வளைவுகள். இப்போது வட்டம். அது பெரிய வளைவின் இரு கைகளையும் உள்ளிருந்து தொட வேண்டும், சின்ன வளைவுகள் இரண்டையும் மேலிருந்து தொட வேண்டும். மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆறு அங்குலம் விரித்து இரண்டு குழியிலிருந்தும் வில் போடுங்கள். வெட்டும் புள்ளிதான் மையம். வட்டத்தின் ஆரம் இரண்டு அங்குலம்.

எட்டு, ஆறு, நான்கு, இரண்டு. அகலத்தை நாலாகப் பிரித்தால் எல்லா விரிப்பும் அதிலேயே கிடைத்துவிடுகிறது. காரணம் எளிது. பெரிய வளைவின் வலது கைக்கும், இடது சின்ன வளைவின் வலது கைக்கும் மையம் ஒன்றுதான், இடது குழி. ஒன்றின் ஆரம் எட்டு, மற்றதன் ஆரம் நான்கு. இரண்டுக்கும் நடுவில் நான்கு அங்குல இடைவெளி. அதில் இரண்டையும் தொட்டுக்கொண்டு உட்காரும் வட்டத்துக்கு விட்டம் நான்கு, மையம் நட்ட நடுவே, ஆறில். கணக்குப் புத்தகம் தெரியாத ஒரு கொத்தனார் கயிற்றையும் ஆணியையும் வைத்துக்கொண்டு தரையில் இதைப் போட்டுவிடலாம். கோதிக் ஜன்னலின் அழகு ஏதோ கற்பனையில் உதித்தது என்று நினைப்பவர்கள் ஒருமுறை கவராயத்தை எடுத்து இதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இவை எல்லாம் பட்டைகளின் நடுக்கோடுகள். அரை அங்குலப் பட்டை என்பதால் ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறமும் கால் அங்குலம் தள்ளி இன்னொரு கோடு. வட்டத்தின் உள்வாய்க்கு ஆரம் ஒன்றேமுக்கால் ஆகிவிடும். அதற்குள் ஒன்றையொன்று தொடும் நான்கு சம வட்டங்களைப் போட்டால் ஒவ்வொன்றின் ஆரமும் உள்வாய் ஆரத்தில் 0.414 பங்கு, முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் உள்ளே. பிழைத்திருந்த மேல் மூக்கின்மேல் தாளை வைத்துப் பார்த்தேன், கோடு கோட்டோடு ஒட்டியது.

இந்தக் கூர்வளைவுகள் வீட்டுச் சாமானுக்குள் எப்படி வந்தன என்பதற்கு லண்டனைச் சுற்றியே நல்ல சாட்சிகள் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் ட்விக்கன்ஹாமில் கட்டிய ஸ்ட்ராபெரி ஹில் வீட்டின் நூலகத்துக்கு இந்த வேலையின் போது மறுபடி போய்வந்தேன். 1754இல் செய்த அந்தப் புத்தக அலமாரிகளை ஜான் சூட் வடிவமைத்தார். 1666 லண்டன் தீயில் அழிந்த பழைய செயின்ட் பால் தேவாலயத்தின் பாடகர் பகுதிக் கதவு ஒன்று, அச்சுப் படமாக ஒரு நூலில் மிஞ்சியிருந்தது. அந்தக் கல் வாசலைப் பார்த்துத்தான் மரத்தில் வளைவுகள் செய்தார்கள். வளைவுகள் கீலில் திறக்கும், பின்னால் மறையும் புத்தகங்களை எடுப்பதற்காக. அதே வீட்டுக்காக வால்போலும் ரிச்சர்ட் பென்ட்லியும் வரைந்து, வில்லியம் ஹாலெட் செய்த நாற்காலிகளில் ஒன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பீச் மரத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசி, முதுகு முழுவதையும் ஜன்னலாக்கிய நாற்காலி. பார்க்க மிக அழகு. நான் அதில் சாயத் துணிய மாட்டேன்.

ஆனால் மரத்தை அறிந்தவர்கள் இதற்கு எப்போதுமே வழி வைத்திருந்தார்கள். இடைக்காலத்துப் பெட்டிகளின் முகப்பில் இதே ஜன்னல் வேலைப்பாடு உண்டு. அங்கே பெரும்பாலும் ஊடுருவ அறுக்காமல், பலகையின் தடிமனுக்குள்ளேயே செதுக்கினார்கள். பின்னால் முழு மரம் இருப்பதால் மூக்கு உடைய வாய்ப்பில்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய துணிமடிப்புப் பலகைகள் இன்னும் புத்திசாலித்தனமானவை. மடித்துத் தொங்கவிட்ட துணி போன்ற அந்த வரிகள் ரேகையோடே ஓடுகின்றன. இழைப்புளியை ரேகைவழி தள்ளிப் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, முனையில் மட்டும் உளி வைத்தால் போதும். கோதிக் காலத்து அலங்காரங்களில் கல்லிடம் கடன் வாங்காமல் மரத்திலேயே பிறந்தது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தச்சர் சிப்பென்டேல் காலத்துத் தச்சர்கள் மேசை விளிம்பில் வைத்த மெல்லிய பின்னல் வேலிகளுக்கு, மூன்று மெல்லிய ஏடுகளை ரேகை மாற்றி ஒட்டி, பிறகு அறுத்தார்கள். இன்றைய பிளைவுட்டின் தத்துவம் அதேதான்.

இதைக் கோட்பாடாகவே சொன்னவர் ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர் அகஸ்டஸ் பியூஜின். 1834இல் எரிந்துபோன லண்டன் நாடாளுமன்றத்தின் இடத்தில் கட்டிடக் கலைஞர் சார்ல்ஸ் பாரியோடு சேர்ந்து புதிய மாளிகைக்கு உள் அலங்காரமும் சாமான்களும் வடிவமைத்தவர். 15 வயதில் விண்ட்சர் கோட்டைக்குக் கோதிக் சாமான்கள் வரைந்தவர். 1841இல் வெளியிட்ட நூலில், அந்தச் சிறுவயது வேலைகளைத் தானே கடுமையாகக் கண்டித்திருக்கிறார். கட்டிடத்தின் முகப்பைச் சுருக்கி மேசை நாற்காலியில் ஒட்டுவதை அவர் ஏற்கவில்லை. அப்படிப்பட்ட அறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எந்தக் கூர்முனையும் குத்தாமல் வெளியே வருகிறவர் அதிர்ஷ்டசாலி என்று எழுதினார். அலங்காரம் என்பது கட்டமைப்பை மெருகூட்ட வேண்டும், வடிவம் அந்தந்தப் பொருளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அவருடைய பிற்கால மேசைகளில் கூர்வளைவு இருக்கும், ஆனால் காலையும் சட்டத்தையும் இணைக்கும் வளைந்த தாங்கு கட்டையாக இருக்கும். ஒரு கட்டையின் துளையில் இன்னொன்று செருகும் முனையான கழுந்து வெளியே தெரியும், அதை மர ஆணி அடித்துப் பூட்டியிருக்கும். அங்கே வளைவை எடுத்துவிட்டால் மேசை ஆடும். என் கையில் இருந்த நாற்காலியில் வளைவை எடுத்துவிட்டால் எடைதான் குறையும். அதற்காக இதை மட்டமாகச் சொல்லவில்லை. வட்டத்தை இவ்வளவு சுத்தமாக அறுத்த கை தேர்ந்த கை. வரைபடம் கொடுத்தவர் அந்தக் கையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மூக்குகளுக்குத் திரும்புகிறேன். இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. புதுத்துண்டின் ரேகையைப் பழையபடி செங்குத்தாக வைப்பதா, மூக்கின் நீளவாக்கில் படுக்கையாக வைப்பதா? படுக்கையாக வைத்தால் மூக்கு பலப்படும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அப்போது அதன் வெட்டு முனை பட்டையின் பக்கவாட்டில் ஒட்ட வேண்டியிருக்கும். வெட்டு முனை பசையைக் குடித்துவிடும், பிடிப்பு நிற்காது. செங்குத்தாக வைத்தால் ரேகையோடு ரேகை ஒட்டும், கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. செங்குத்தாகவே வைத்தேன்.

பழைய ஓக் மேசையின் உடைந்த இலைப்பலகை ஒன்று கைவசம் இருந்தது. நாற்காலிப் பலகை நடுவெட்டுப் பலகை, அதாவது மரத்தின் மையத்தை நோக்கி அறுத்தது, முகத்தில் வெள்ளிக்கீற்று என்னும் பளபளப்பான வரிகள் தெரிகின்றன, அதே மாதிரி பகுதியாகப் பார்த்து அறுத்தேன். உடைந்த முகத்தை உளியால் தட்டையாகும் அளவுக்கு மட்டும் சீவினேன். அதற்கு மேல் ஒரு சீவல்கூடப் பழைய மரத்தை எடுக்க மனம் வரவில்லை. மூக்கைத் தனியாகச் செதுக்கி ஒட்டவில்லை. கொஞ்சம் பெரிய கட்டையாக ஒட்டி, காய்ந்த பிறகு இடத்திலேயே செதுக்கினேன். ஒட்டும்போது பிடித்துத் தேய்க்க இடம் கிடைக்கும், கோடும் வட்டத்தோடு சேர்ந்தே வரும். கோப்பிங் ரம்பத்தால் கோட்டுக்கு வெளியே அறுத்து, அரைவட்ட அரத்தால் கோடு வரை வந்து, முன்விளிம்பின் சாய்வை மட்டும் கூரான உளியால் முடித்தேன். உப்புத்தாள் தொடவில்லை. பழைய சாய்வுகளில் உளியின் தடம் இன்னும் இருக்கிறது, அதன் பக்கத்தில் வழவழப்பான மூக்கு நின்றால் நன்றாக இருக்காது.

அப்புறம், சாய்கிறவரைத் தாங்கும் வேலை. வட்டத்தின் அடிப்பட்டையில் இரண்டு ஒட்டுகளின் குறுக்கேயும் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு காடி வெட்டினேன். ஒன்றேகால் அங்குல நீளம், 3 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் ஆழம். பட்டை வளைந்திருந்தாலும் அந்த நீளத்துக்கு நேர்க்காடி உள்ளே அடங்கிவிடும். அதில் ரேகை படுக்கையாக ஓடும் ஓக் சில்லுகளை வச்சிரத்தோடு செருகினேன். நாற்காலியில் முதல்முறையாக அந்த இடத்தில் நார் பட்டையின் திசையில் ஓடுகிறது. முன்பக்கத்திலிருந்து ஒன்றும் தெரியாது. தகடு விட்டுப்போன நான்கு ஸ்க்ரூ துளைகளையும் ஓக் தக்கைகளால் அடைத்தாயிற்று.

நிறம் சேர்ப்பதைப் பற்றி நீட்ட வேண்டாம். வான்டைக் பழுப்புச் சாயத்தைத் தண்ணீரில் மெலிதாகக் கரைத்துப் பல தடவை பூசி, மேலே அரக்குப் பாலிஷ், அதற்கு மேல் மெழுகு. ஒரே பூச்சில் நிறம் பிடிக்க முயன்றால் கண்டிப்பாகக் கறுத்துவிடும். பின்பக்கத்துச் சில்லுகளுக்குச் சாயம் கொடுக்கவில்லை. அடுத்து இதைத் திறக்கும் தச்சருக்கு எது பழையது, எது புதியது என்று தேடாமலே தெரிய வேண்டும்.

இருக்கைப் பலகையில் நீளவாக்கில் ஒரு கீறல் இருக்கிறது. அதையும் ஒட்டிவிடச் சொல்லி நண்பர் கேட்டார். மறுத்துவிட்டேன். அந்தப் பலகையை முன்னும் பின்னும் சட்டத்தோடு அசையாமல் பிணைத்திருக்கிறார்கள். வீட்டுச் சூட்டில் ஓக் அகலவாக்கில் சுருங்கும்போது போக இடமில்லாமல் கீறிக்கொண்டது. ஒட்டினால் வரும் குளிர்காலத்தில், ஹீட்டர் ஓடத் தொடங்கியதும், பக்கத்தில் இன்னொரு இடத்தில் கீறும். அதற்குப் பதிலாக, அடியில் பின்பக்கத்து ஸ்க்ரூ துளைகளை முன்பின்னாக நீட்டிவிட்டு, பித்தளை ஸ்க்ரூவை வாஷரோடு மெதுவாக முடுக்கினேன், பலகை நகர முடிகிற அளவுக்கு. கீறலில் மெழுகு மட்டும் நிரப்பினேன். நாற்காலி இப்போது நண்பர் வீட்டு வாசலுக்கு உள்ளே இருக்கிறது, ஹீட்டரிலிருந்து எட்ட. ஜோடு கழற்ற வருகிறவர்கள் எல்லோரும் அதில்தான் உட்காருகிறார்கள்.